அலுவலகத்துக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம்

புலம்பெயர்ந்து வந்த எம்மவரின் கோப்புகளில் தவறாது காணப்படும் பொருள் ஒன்று உண்டு. 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட சிறு முகப்படமே அது. நேரே நோக்கும் கண்கள், மூடிய வாய், வெளிறிய பின்னணி, சிரிப்பற்ற முகம். தஞ்ச விண்ணப்பத்துக்கு, வதிவிட அனுமதிப் பத்திரத்துக்கு, பயண ஆவணத்துக்கு என எத்தனையோ தடவை நாம் அந்தச் சிறு சட்டத்துள் அடங்கியிருக்கிறோம். ஆனால், நாமாக விரும்பி, எமது பிள்ளைகளுக்கென்று ஒளிப்படக் கூடம் ஒன்றில் அமர்ந்து எடுப்பித்த படம் எம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஒளிப்படக் கலை பயிலும் மாணவராக இன்டர்லாக்கன் நகரில் முகப்படப் பயிற்சி மேற்கொண்ட நாள்களில் இக்கேள்வி எம்மைத் தொடர்ந்து வந்தது. அப்பயிற்சியில் கண்டவற்றையும், அதன் பொருட்டுத் தேடிக் கற்றவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு முன்னே நிற்போர்

தூன், பிரியென்ஸ் ஆகிய இரு ஏரிகளுக்கு நடுவே அமைந்த இன்டர்லாக்கன், படம் பிடிப்பதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற ஊர். ஊரின் நடுவே ஹோஹெமத்தே எனப்படும் 14 ஹெக்டேயர் புல்வெளி விரிந்து கிடக்கிறது. அங்கே கட்டடம் எதுவும் எழலாகாது என்று 1864 ஆம் ஆண்டில் விடுதி உரிமையாளர்களும் ஏனையோரும் கூடிச் செய்த ஏற்பாட்டினாலேயே, 4158 மீற்றர் உயரமான யுங்ஃப்ராவ் சிகரம் இன்றும் மறைப்பின்றித் தெரிகிறது. சுவிஸ் மலைகளில் ஹிந்தித் திரைப்படங்கள் பலவற்றை எடுத்த இயக்குநர் யாஷ் சோப்ராவுக்கு 2016 இல் இந்நகரில் சிலை நிறுவப்பட்டது. அண்மையிலுள்ள இசெல்ற்வால்ட் கிராமத்தில், கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றினால் பெயர்பெற்ற சிறு படகுத்துறையில் நின்று படம் எடுக்க 2023 இல் 5 பிராங் கட்டணம் அறவிடத் தொடங்கினர். ஒரு மனிதர் தமது முகத்தை அழகிய இடமொன்றின் முன்னே நிறுத்திப் பார்க்கும் ஆசைக்கு இவ்வளவு பெறுமதி உண்டு.

எமது மணமக்களும் இப்புல்வெளிக்கு வந்து பட்டுச் சேலையும் வேட்டியுமாக மலையின் முன்னே நிற்பதைக் காணலாம். ஆனால், 1980களிலும் அதன் பின்னரும் சுவிஸ் வந்த எமது மக்களுள் பெருந்தொகையானோர் விடுதிகளின் சமையலறைகளிலும் சலவை அறைகளிலுமே உழைத்தவர்கள். பேர்ண் மேட்டுநிலத்தின் சுற்றுலா வாழ்வில் அவர்களது வியர்வையும் கலந்துள்ளது. பயணிகள் எடுத்துச் சென்ற பல்லாயிரம் படங்களில் அவர்கள் இல்லை. எமது பயிற்சிக்கு அவர்களையே அழைப்பது என்று தீர்மானித்தோம்.

எமது நிறமும் கமராவின் கணக்கும்

பயிற்சிக்குக் கிடைத்தது ஒரு சிறிய அறை. வெள்ளைக் குடை பொருத்திய பிளாஷ் விளக்கு ஒன்று, சாம்பல் நிறக் காகிதச் சுருள் ஒன்று, ஒரு வெள்ளை அட்டை, முதுகுச் சாய்வற்ற ஒரு கதிரை. இவ்வளவே எமது கூடம். விளக்கை அமர்பவரின் ஒரு பக்கமாக, கண்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். எதிர்ப்பக்கத்து நிழல் மிகவும் கருத்துப் போகாதவாறு வெள்ளை அட்டை ஒளியைத் திருப்பி அனுப்பும். கமராவை முகத்துக்கு மிக அருகே கொண்டுசென்றால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துத் தோன்றும். ஆகவே 85 முதல் 105 மில்லிமீற்றர் வரையான லென்ஸைக் கொண்டு, இரண்டு மீற்றர் அளவு விலகி நின்று எடுப்பதே முறை. விளக்கின் சிறு பிரதிபலிப்பு கண்மணியில் விழ வேண்டும். அது இல்லாவிடில் கண்கள் உயிரற்றுப் போகும்.

இவையெல்லாம் பாடநூல் கூறுபவை. பாடநூலுக்கு வெளியே எமது மக்கள் அறிந்த குறை ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்கு வந்த முதலாண்டுகளில் எடுக்கப்பட்ட எமது படங்கள் பலவற்றில் முகம் கருமையாய்க் கரைந்திருக்கும். பல்லும் கண்ணும் மாத்திரமே துலங்கும். பலர் அதனைத் தமது நிறத்தின் குற்றம் என்றே எண்ணிக்கொண்டனர். காரணம் வேறு. கமராவின் ஒளிமானி தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவரின் முன்னே நிற்கும் மாநிற முகத்தை அது சுவரோடு சேர்த்து அளந்து, போதிய ஒளியை உட்செல்ல விடாது நிறுத்திவிடும்.

பிலிம் காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே நெடுங்காலம் இருந்தது. 'ஷேர்லி அட்டை' என அது அழைக்கப்பட்டது. கபில நிறச் சாயைகள் சரிவரப் பதிவதில்லை என்று சொக்கிலேற், தளபாட விளம்பரத் துறையினர் முறையிட்ட பின்னரே பிலிமின் இயல்பைத் திருத்தும் முயற்சி வேகம் கொண்டது என்று அத்துறையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். பல இனத்தவரின் முகங்களைக் கொண்ட அட்டைகள் 1990களிலேயே பரவலாயின. எமது பெற்றோரின் பழைய படங்கள் இருண்டிருப்பின் அதற்கு அவர்களது முகம் பொறுப்பன்று. முகத்தின் மேல் விழும் ஒளியைத் தனியே அளந்து, பின்னணியைச் சற்று அடக்கிவிட்டால், எமது நிறம் செம்பின் ஒளியோடு எழுந்து வருவதை அச்சிறு அறையிலேயே கண்டோம்.

"காது இரண்டும் தெரிய வேணுமோ?"

விளக்கைச் சரிசெய்வது எளிது. அமர்பவரைச் சரிசெய்ய முடியாது. அவர் தாமாக இளக வேண்டும். முதலில் வந்தவர் விடுதியொன்றில் நீண்டகாலம் பணிபுரிந்த முதியவர். கதிரையில் அமர்ந்ததும், நாம் எதுவும் கூறாமலே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். கைகளைத் தொடைமேல் வைத்து மூச்சை அடக்கிக்கொண்டார்.

"தம்பி, காது இரண்டும் தெரிய வேணுமோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, நீங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தால் போதும்" என்றோம்.

"அப்ப இது எந்தக் கந்தோருக்கு?"

எந்தக் கந்தோருக்கும் இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்ளச் சிறிது நேரம் சென்றது. ஊரில் எந்தக் கிணற்றில் குளித்தார், இங்கே முதல் மாரி எப்படி இருந்தது என்று பேச்சு வளர, கண்ணாடி தானாகவே மூக்கில் ஏறியது, தோள் தளர்ந்தது. முகப்படம் எடுப்பவன் பயில வேண்டிய முதற்கலை பேசுவதும் பொறுத்திருப்பதுமே என்பதை அன்று கற்றோம்.

அடுத்து வந்த சமையலாளரின் முன்கையில் அடுப்புச் சூட்டின் தழும்புகள் வரிவரியாய் இருந்தன. ஒளிப்பட மாணவன் ஒருவனின் கண் உடனே அத்தழும்புகளில் சென்று நிற்கும். அவரோ சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, "இதை அம்மாவுக்கு அனுப்பப் போறன், கை தெரியக்கூடாது" என்றார். அவ்வாறே எடுத்தோம். படத்தில் தாம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை அமர்பவருக்கே உரியது. சட்டமும் இதனை ஏற்கிறது. சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின் 28 ஆம் பிரிவு காக்கும் ஆளுமை உரிமையில், ஒருவருக்குத் தமது உருவப்படத்தின் மீதுள்ள உரிமையும் அடங்கும். அகதியாயினும் குடிமகனாயினும் இதில் வேறுபாடு இல்லை.

நாடற்றோரின் முகங்கள்

அலுவலகத்துக்காக முகத்தைப் பிடிக்கும் வழக்கத்தின் தொடக்கத்தைத் தேடியபோது, அது எமக்கு மிக அண்மையில், இன்டர்லாக்கனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த தொடருந்துப் பயணத் தூரத்திலுள்ள பேர்ண் நகருக்கே எம்மை இட்டுச் சென்றது. எந்த ஊரிலும் குடியுரிமையற்று, ஊரூராய் அலைந்து பிழைத்த மக்கள் அக்காலச் சுவிற்சர்லாந்தில் பலர் இருந்தனர். நாடற்றோர் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் 1850 டிசம்பரில் இயற்றப்பட்டது. அவர்களுக்கு ஊர்களில் உரிமை வழங்குவதோடு அலைந்து வாழும் வாழ்வை ஒழிப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. அதற்கு முதலில் அவர்கள் யார் என்பதை அரசு அறிய வேண்டியிருந்தது.

1852, 1853 ஆம் ஆண்டுகளில் கார்ள் டுர்ஹைம் என்னும் பேர்ண் நகரக் கல்லச்சுக் கலைஞரும் ஒளிப்படக்காரரும், கூட்டாட்சி அரசின் வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்காக இவ்வாறு பிடித்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 220 பேரைப் படம் எடுத்தார். அவற்றின் கல்லச்சுப் படிகள் மாநிலக் காவற்றுறைகளுக்கு அனுப்பப்பட்டன. காவற்றுறை எடுப்பித்த ஒளிப்படங்களுள் உலகிலேயே மிகப் பழையனவற்றில் இவையும் அடங்கும். மூலப் படங்கள் பேர்ணில் உள்ள சுவிஸ் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

இப்படங்களைக் காண்பவர் முதலில் வியப்படைவர். செல்வந்தர் ஒளிப்படக் கூடத்தில் அமர்வது போலவே அவர்களும் கதிரையில் அமர்ந்திருக்கின்றனர். அக்காலக் கமராவின் முன்னே அசையாதிருக்க வேண்டியதால் முகங்களில் ஓர் அமைதியும் படிந்துள்ளது. ஆனால் அவர்களுள் எவரும் தாமாக விரும்பி அங்கு வரவில்லை. படத்தின் பிரதி ஒன்றை வீட்டுச் சுவரில் மாட்ட அவர்களுக்கு வீடும் இல்லை. ஒரே கதிரையும் ஒரே விளக்கும் கொண்டு ஒரு மனிதரைப் போற்றவும் முடியும், பதிவேட்டில் அடைக்கவும் முடியும். படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதே அதனைத் தீர்மானிக்கிறது.

கூடத்திலிருந்து வெளியேறிய மாணவர்

இதற்கு மறுபக்கமான வரலாறும் இந்நாட்டிலேயே உண்டு. 1932 இல் சூரிச் கலைத்தொழிற் பள்ளியில் ஹான்ஸ் ஃபின்ஸ்லர் ஒளிப்பட வகுப்பை ஆரம்பித்தார். அதில் பயின்ற மாணவர்களுள் ஒருவர் 1916 இல் பிறந்த வேர்னர் பிஷோஃப். சிப்பி, இலை போன்ற சிறு பொருள்களின் மேல் ஒளி எவ்வாறு தவழ்கிறது என்பதைப் பொறுமையாக ஆராய்வதே அவர் பெற்ற பயிற்சி. 1936 இல் சூரிச்சில் சொந்தக் கூடம் அமைத்தார். இரண்டாம் உலகப் போர் அவரைக் கூடத்திலிருந்து வெளியே இழுத்தது. 1945 முதல் போரில் சிதைந்த நாடுகளில் திரிந்து மனித முகங்களைப் பதிவு செய்தார். 'டு' என்னும் சுவிஸ் சஞ்சிகையின் 1946 மே மாத இதழின் அட்டையில், முகமெங்கும் காயத் தழும்புகள் கொண்ட நெதர்லாந்துச் சிறுவனின் படம் வெளிவந்தபோது வாசகர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1951 இல் இந்தியாவின் பீகார் மாநிலப் பஞ்சத்தைப் படமாக்கிய அவர், 1954 இல் பெரு நாட்டின் அண்டிஸ் மலையில் நேர்ந்த விபத்தில் 38 ஆவது வயதில் மறைந்தார்.

சிப்பியின் மீது காட்டிய அதே பொறுமையை அச்சிறுவனின் முகத்திலும் காட்டியதே அவரது பெருமை. கூடத்தில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. துன்புற்ற மனிதரைப் பதிவெண்ணாகக் காணாது, முகமாகக் காண அது துணை நின்றது.

முத்திரை விழுந்த கன்னம்

பயிற்சியின் இறுதி நாள்களில் ஒரு தாயார் வந்தார். தம்மைப் படம் பிடிக்க அவர் வரவில்லை. கைப்பையிலிருந்து சிறு கடதாசி உறையை எடுத்து, அதனுள் இருந்த அடையாள அட்டை அளவிலான படத்தைக் காட்டினார். அவரது தம்பியின் படம். வீட்டிலிருந்த அல்பங்கள் இடம்பெயர்வுகளில் அழிந்துபோக, எஞ்சியது அது ஒன்றே. அலுவலக முத்திரையின் வளைகோடு இடது கன்னத்தைக் கடந்து சென்றிருந்தது. "இதைப் பெருப்பித்து, அந்த மையை மட்டும் எடுத்துவிடு பிள்ளை" என்றார். பல மணிநேரம் கணினியின் முன் அமர்ந்து அக்கோட்டைச் சிறிது சிறிதாக நீக்கினோம்.

இது அவர் ஒருவரது துயரன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நின்ற படங்களை நினைவுகூருங்கள். அவற்றுள் பல, எப்போதோ ஒரு விண்ணப்பத்துக்காக எடுக்கப்பட்டவை. அல்லது திருமணக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. வேறு படம் இல்லாதபோது அலுவலக முகமே வீட்டு முகமும் ஆகிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

இன்று ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன. தொலைபேசி பழுதடையும் நாளில் அவையும் போய்விடக்கூடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவையேனும் குடும்பமாக அமர்ந்து, நிதானமாக ஒரு படம் எடுங்கள். கூலி கொடுத்துக் கூடத்துக்குப் போக வசதியில்லையாயின், யன்னலோரத்து ஒளியும் எதிரே பிடித்த ஒரு வெள்ளைத் துணியும் போதும். அப்படத்தைக் காகிதத்தில் அச்சிடுங்கள். யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பின்புறத்தின் ஓரத்திலோ உறையிலோ தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறொரு நாட்டிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் எஞ்சும்.

ஒளிப்படக் கலையைப் பயில விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டாம் என்றும் வேண்டுகிறோம். எமது நிறத்தை அறிந்து ஒளியை அளக்கவும், எமது மொழியில் பேசி முதியவரின் தோளைத் தளர்த்தவும் எமது பிள்ளைகளால் இயலும். முதியோர் எம்மோடு இருக்கும் காலத்திலேயே அவர்களைக் கண்ணாடியோடும் சிரிப்போடும் கதிரையில் அமர்த்துங்கள். அந்தப் படத்தை எந்தக் கந்தோரும் கேட்கப் போவதில்லை, பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.