வலியை உணராத பாதங்களைக் காக்கும் வார்ப்பு உள்தளம்: நீரிழிவாளர்கள் அறிய வேண்டியவை

மும்பை: செருப்பு கடித்தால் நடையை மாற்றிக்கொள்கிறோம், வலி பொறுக்க முடியாவிட்டால் கழற்றிவிடுகிறோம். நீண்ட கால நீரிழிவால் பாதத்தின் உணர்வை இழந்த ஒருவருக்கு இவ்விரண்டும் நிகழ்வதில்லை. காலணிக்குள் புகுந்த சிறு கல்லின் மீது நாள் முழுவதும் நடந்துவிட்டு, இரவில் கால் கழுவும்போது நீரில் இரத்தம் கலந்திருப்பதைக் கண்ட பிறகே புண் இருப்பதை அறிபவர்கள் உண்டு.

இத்தகையோருக்காக, அவரவர் பாதத்தின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப வார்த்தெடுக்கப்படும் காலணி உள்தளங்களை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். கடைகளில் ‘இன்சோல்’ என்று அழைக்கப்படும் மெத்தைத் தளத்தின் மருத்துவ வடிவம் இது. ஒருமுறை புண் வந்து ஆறிய பாதத்தில் மீண்டும் புண் வராமல் காப்பதும், அதன் வழியே விரலையோ காலையோ அகற்ற நேரும் நிலையைத் தவிர்ப்பதும் இதன் பணியாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவாளர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் கால் புண் வரக்கூடும் என்பது மருத்துவ இதழ்களில் பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பு.

பனிமலையிலும் இதே உத்தி

வார்ப்பு உள்தளம் என்றதும் விளையாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்குப் பனிச்சறுக்கு பூட்ஸ் நினைவுக்கு வரலாம். கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டுக்குள் நுரைப் பொருளாலான உள்ளுறை ஒன்று இருக்கும். அதைச் சூடாக்கி, காலை நுழைத்து, ஆறும் வரை அசையாமல் நின்றால் காலின் வடிவம் அப்படியே பதிந்துவிடும். அதன் பிறகு குதிகால் எழும்புவதில்லை. கணுக்கால் எலும்பு உரசுவதில்லை. கால் திரும்பும் திசைக்குப் பலகையும் உடனே திரும்புகிறது.

குல்மார்க்கிலோ ஆல்ப்ஸ் மலையிலோ சறுக்குபவருக்கு அந்த உறை எங்கேனும் இறுகினால், அவர் உடனே கடைக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்வார். உணர்விழந்த பாதத்தின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாதம் புகார் சொல்லாது. தவறான அளவில் வார்க்கப்பட்ட உள்தளமும் அதற்குச் சுகமாகவே இருக்கும். ஆகவே செய்பவரின் கணக்கும் அணிபவரின் கண்ணும், வலி செய்ய வேண்டிய வேலையைச் செய்தாக வேண்டும்.

சும்மாடு செய்யும் வேலை

நீரிழிவால் ஏற்படும் நரம்புப் பாதிப்பு உணர்வை மட்டும் பறிப்பதில்லை. பாதத்தின் சிறு தசைகளும் வலுவிழக்கின்றன. விரல்கள் நகம்போல் மடங்குகின்றன. விரல்களின் அடியில் மெத்தையாக இருந்த கொழுப்புத் திசு முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது. அதனால் அங்குள்ள எலும்பு முனைகள் தோலுக்கு மிக அருகில் வந்து, ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை அந்தச் சில புள்ளிகளிலேயே குவிகிறது. முதலில் தோல் காய்த்துத் தடிக்கும். காய்ப்பு தானே ஒரு கூழாங்கல் போல் உள்ளிருந்து அழுத்த, அதன் அடியில் யாரும் காணாமல் புண் உருவாகும். காய்ப்பை ‘வெறும் ஆணிக்கால்’ என்று எண்ணி வீட்டிலேயே பிளேடால் சீவிக்கொள்பவர்கள் இன்னும் இருப்பது கவலைக்குரியது.

எடையைக் குறைக்க முடியாது. அது தாங்கப்படும் பரப்பை அதிகரிக்கலாம். தலையில் சுமை தூக்குபவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பதும் இதற்காகத்தான். சுமை அதே சுமைதான்; ஆனால் உச்சந்தலையின் ஒரே இடத்தில் அது குத்துவதில்லை. பாதத்தின் வளைவுக்குள்ளும் எழும்பி நிற்கும் வார்ப்பு உள்தளம், அதுவரை எதையும் தாங்காத நடுப்பாதத்தையும் எடை தாங்கச் செய்கிறது. எலும்பு முனைகளின் கீழுள்ள அழுத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. நீரிழிவுப் பாத சிகிச்சைக்கான பன்னாட்டுப் பணிக்குழுவின் வழிகாட்டுதல், ஏற்கெனவே உள்ளங்காலில் புண் வந்தவர்களின் காலணி உச்ச அழுத்தத்தை 30 சதவீதமேனும் குறைக்க வேண்டும் அல்லது 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறது. தொட்டுப் பார்த்து ‘மெத்தென்று இருக்கிறது’ எனச் சொல்வது இதற்குப் போதாது.

வேலூரிலிருந்து மாதுங்கா வரை

இந்த அறிவு நீரிழிவு மருத்துவத்திலிருந்து பிறக்கவில்லை. தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்தது. தொழுநோயும் பாதத்தின் உணர்வைப் பறிக்கும் நோயே. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் ‘அழுகி உதிர்கின்றன’ என்பதே அன்றைய பொது நம்பிக்கை. அவர் கண்டது வேறு. சதை இயல்பாகவே இருந்தது, ஆறவும் செய்தது. வலி இல்லாததால், காயம்பட்ட பாதத்தையே திரும்பத் திரும்ப ஊன்றி நடந்ததுதான் அழிவுக்குக் காரணம்.

பாதம் சிதையும் வழிகளை அவர் பிரித்துக் காட்டினார். ஆணியோ கண்ணாடியோ ஒரே குத்தில் கிழிப்பது ஒன்று. இறுக்கமான காலணி மணிக்கணக்கில் மெல்ல அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பது மற்றொன்று. மூன்றாவது, ஒரு முறை பட்டால் எந்தத் தீங்கும் செய்யாத மிதமான அழுத்தம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுவது. உள்தளம் காப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதிலிருந்துதான். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் நடந்த பணிகளின் பயனாக, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மிருதுவான ரப்பரால் ஆன காலணிகள் புழக்கத்துக்கு வந்தன. இன்று அரசுத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ அந்த மரபில் வந்ததே. 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், தொழுநோயில் கற்றதை அங்கு நீரிழிவுப் பாதங்களுக்கும் கொண்டுசென்றார்.

மும்பைக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. மாநகராட்சி ஆணையராக இருந்த எச்.ஏ. அக்வொர்த்தின் முயற்சியால் 1890-இல் மாதுங்காவில் வீடற்ற தொழுநோயாளர் காப்பகம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று வடாலாவில் அக்வொர்த் மாநகராட்சி மருத்துவமனையாகத் தொடர்கிறது. தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே சயான்–சுனாபட்டி பகுதியில், மருத்துவர் ஆர். கணபதி 1976-இல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம் குடிசைப் பகுதிகளுக்குள் சென்று நோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சை அளித்தது.

சென்னை ஆய்வு காட்டிய வேறுபாடு

காலணியை மாற்றுவதால் உண்மையில் பயன் உண்டா? சென்னை ராயபுரத்திலுள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனை மருத்துவர்களும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் இணைந்து நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. முன்பு கால் புண் வந்திருந்த 241 நீரிழிவாளர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் எம்.சி.ஆர். உள்தளம், ஒரு பிரிவினர் பாலியூரித்தேன் நுரை, ஒரு பிரிவினர் வார்ப்பு உள்தளம் கொண்ட காலணிகளை அணிந்தனர். எஞ்சியோர் கெட்டியான தோலட்டைத் தளம் கொண்ட தங்கள் வழக்கமான காலணிகளையே அணிந்தனர். ஒன்பது மாத முடிவில், வழக்கமான காலணி அணிந்தவர்களில் 33 சதவீதம் பேருக்குப் புதிய புண்கள் ஏற்பட்டிருந்தன. சிகிச்சைக் காலணி அணிந்தவர்களில் இது 4 சதவீதம் மட்டுமே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வார்ப்பு உள்தளம் மட்டுமன்றி, தட்டையான எம்.சி.ஆர். தளமும் இந்தப் பயனைத் தந்த பிரிவில் அடங்கும். எனவே நீரிழிவாளர் அனைவருக்கும் வார்ப்பு தேவையில்லை. உணர்வு இழந்திருந்தாலும் வடிவம் மாறாத பாதத்துக்கு, மிருதுவான தளமும் போதிய அகலமும் கொண்ட காலணி பெரும்பாலும் போதுமானது. விரல் மடங்கியவர்கள், பாத வளைவு சரிந்தவர்கள், விரல் அகற்றப்பட்டவர்கள், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புண் வருபவர்கள் ஆகியோருக்கே வார்ப்பு அவசியமாகிறது. உணர்வு உள்ளதா என்பதை அறிய, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை போதும்.

ஆறாத புண் இருக்கும்போது உள்தளத்தை மட்டும் நம்புவதும் தவறு. அப்போது பாதத்தின் சுமையை முழுவதுமாக இறக்கும் மாவுக்கட்டு போன்ற சிகிச்சையே தேவை. காலின் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் அதற்கான பரிசோதனை முதலில் வர வேண்டும்.

செய்யப்படும் முறை

பாதத்தை நுரைப் பெட்டியில் அழுத்தியோ மாவுக்கட்டு போட்டோ அச்சு எடுக்கப்படுகிறது. அந்த அச்சின் மீது சூடாக்கி இளக்கிய நுரைத் தகட்டை வைத்து அழுத்தி, அடியில் கெட்டியான அடுக்கு சேர்க்கின்றனர். புண் வந்த இடத்துக்கு நேராகச் சிறு பள்ளம் விடுவதும் உண்டு. மும்பையில் ஹாஜி அலி பகுதியிலுள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் செயற்கை உறுப்புகள், தாங்கு கருவிகளுக்கான பிரிவு இயங்குகிறது.

உள்தளத்தை மட்டும் வாங்கிப் பழைய ஷூவில் திணிப்பது பலர் செய்யும் பிழை. தளம் தடிமனாக இருப்பதால் விரல்கள் மேல்தோலில் மோதி, அடியில் தவிர்த்த புண் மேலே வந்துவிடும். கூடுதல் ஆழம் கொண்ட காலணியே இதற்குப் பொருந்தும். பின்பட்டை கட்டாயம், ஏனெனில் உணர்வற்ற காலிலிருந்து செருப்பு நழுவிப்போனாலும் தெரியாது. ஆணி அடித்துச் செய்த காலணி கூடாது. தைத்தோ ஒட்டியோ செய்ததாக இருக்க வேண்டும்.

தோற்றமும் ஒரு சிக்கலே. எம்.சி.ஆர். செருப்பு நெடுங்காலமாக ‘நோயாளி செருப்பு’ என்று அடையாளம் காணப்பட்டதால், இலவசமாகக் கிடைத்தும் அணிய மறுத்தவர்கள் உண்டு. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்களால் வளர்ந்த தாராவியில், பதனிடும் ஆலைகள் மறைந்த பின்னும் தோல் பொருட்கள் செய்யும் பட்டறைகள் உள்ளன. மருத்துவர் தரும் அளவுக்கு ஏற்ப, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் காலணியைத் தைக்க அந்தக் கைகளுக்கு இயலும். மருத்துவமனைகள் அவர்களை நாடுவது இரு தரப்புக்கும் பயன் தரும்.

நம் வீட்டு வழக்கமும் இங்கே குறுக்கிடுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவதால், நாளின் அடிகளில் பெரும்பகுதி வெறுங்காலில் விழுகிறது. வீட்டுக்குள் அணிய இரண்டாவது ஜோடி தேவை. மாதுங்கா கோயில்களின் வெளிப்பிரகாரத்தில் வெயில் நேரத்தில் நடப்பவர்களுக்குக் கல்தரையின் சூடும் தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நனைந்த காலணியோடு இருப்பதும் ஆபத்தானது. மாற்று ஜோடி உலர்ந்த நிலையில் இருக்க வேண்டும்.

புதிய உள்தளத்தை முதல் நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியவுடன் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் தளத்தைத் திருத்த வேண்டும். ஒரு பாதத்தின் குறிப்பிட்ட இடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடாக இருப்பது, புண் வருவதற்கான முன்னறிகுறியாக ஆய்வுகளில் கொள்ளப்படுகிறது. வெப்பமானி இல்லாதவர்கள், குனிய முடியாதவர்கள் வீட்டிலுள்ள வேறொருவரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். நுரை சில மாதங்களில் நசுங்கித் தட்டையாகிவிடும் என்பதால், உள்தளத்தை விரலால் அழுத்தி, அது மீண்டும் எழும்புகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. எழும்பாத தளத்தை, மேற்புறம் புதிதுபோல் தெரிந்தாலும், மாற்றிவிட வேண்டும்.