குறையாமலும் மிகாமலும்: நிகழ்தகவுக் கணக்கில் சொல்லின் பங்கு

எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசுவது தமிழ் மரபு. ஆயினும் கல்லூரிகளில் கணக்குக்கு ஓர் அறை, தமிழுக்கு ஓர் அறை என்றாகிவிட்டது. வணிகவியலும் பொருளியலும் பயிலும் மாணாக்கர், அதிலும் பள்ளியில் தமிழ்வழி கற்று வந்தோர், புள்ளியியல் வினாத்தாளைக் கையிலேந்தித் தமிழ்த்துறை வாயிலில் வந்து நிற்கும்போதுதான் இவ்விரண்டும் சந்திக்கின்றன. அவர்கள் சூத்திரத்தை அறிந்தவர்கள். பெருக்கவும் வகுக்கவும் வல்லவர்கள். இடறுவது வினாவில் உள்ள ஒரு சொல்லில். அச்சொல்லைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றோம்.

ஆறு சோழிகளை உருட்டுவதாகக் கொள்வோம். மலர்ந்து விழும் சோழிகளின் எண்ணிக்கை 0 முதல் 6 வரையுள்ள ஏழு எண்களுள் ஒன்றாகவே இருக்கும். இரண்டரைச் சோழி மலர்வதில்லை. இவ்வாறு ஒவ்வொன்றாக எண்ணத்தக்க மதிப்புகளை மட்டுமே ஏற்பதைத் தனிநிலைச் சமவாய்ப்பு மாறி என்பர். அம்மதிப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும் பட்டியலே தனிநிலை நிகழ்தகவுப் பரவல். பட்டியலில் உள்ள பங்குகள் யாவும் கூடி ஒன்றாக வேண்டும் என்பது முதல் விதி. ஃபராயிள் எனப்படும் நம் பாகப்பிரிவினைக் கணக்கை அறிந்த பெரியோர்க்கு இது புதிதன்று. கணவனுக்கு 1/2, உடன்பிறந்த சகோதரியர் இருவர்க்கு 2/3 என்று கூட்டினால் 7/6 ஆகிவிடும். அப்போது ‘அவ்ல்’ முறையால் சொத்தை ஏழு பங்காக்கி 3, 4 எனப் பிரிப்பர். நிகழ்தகவில் அத்தகைய சலுகை இல்லை; கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால் கணக்கே பிழை.

ஒவ்வொரு சோழியும் மலர்வதற்கும் கவிழ்வதற்கும் சம வாய்ப்புடையது என்றும், ஒரு சோழி விழும் விதம் மற்றொன்றைப் பாதிப்பதில்லை என்றும் கொண்டால், ஆறு சோழிகளும் விழத்தக்க வகைகள் 64. அவற்றுள் ஒன்றும் மலராதது 1 வகை, ஒன்று மட்டும் மலர்வது 6, இரண்டு 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் மலர்வது 1. இதுவே ஈருறுப்புப் பரவல். யாக்கோபு பெர்னூலியின் நூல் வழியாக 1713இல் இது ஐரோப்பாவில் அச்சேறியது. ஆனால் 1, 6, 15, 20 எனச் செல்லும் இவ்வெண்களின் அட்டவணையை அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே அல்-கரஜீ வகுத்திருந்தார். 12ஆம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல் தம் ‘அல்-பாஹிர்’ நூலில் அதனை எடுத்துரைத்துள்ளார். அவருக்கும் முன்னே, 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு எழுத்துகளைச் சேர்த்து எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்று கணக்கிட்டார். 28 எழுத்துகளில் வெவ்வேறான இரண்டை வரிசை கருதி அமைத்தால் 756 அமையும். அவர் கணித ஆசிரியர் அல்லர். யாப்பும் அகராதியும் கண்ட மொழியறிஞர். மொழித்துறையார்க்குக் கணக்கில் என்ன வேலை என்போர்க்கு அவரைக் காட்டலாம்.

சோழி என்றவுடன் பெரியோர் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். சூது விலக்கப்பட்டதே, அதில் நமக்கு மாறுபாடில்லை. எனினும் சூதாடியின் தோல்வியை முன்கூட்டியே எழுதிக் காட்டுவதும் இக்கணக்குதான். 10 ரூபாய் கட்டி, ஆறும் மலர்ந்தால் 500 ரூபாய் என்று ஒருவன் ஆசை காட்டுகிறான் எனின், எதிர்பார்க்கத்தக்க வரவு 500ஐ 64ஆல் வகுத்த 7 ரூபாய் 81 காசு. உருட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 19 காசு இழப்பு.

இனி, சொல்லுக்கு வருவோம். வினாத்தாளில் நான்கு விதமாகக் கேட்பர்: மலரும் சோழிகள் இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் குறையாமல், இரண்டுக்கு மிகாமல், இரண்டுக்குக் குறைவாக. ‘இரண்டுக்கு மேல்’ என்றால் 3, 4, 5, 6, வாய்ப்பு 42/64. ‘இரண்டுக்குக் குறையாமல்’ என்றால் இரண்டும் உட்படும், வாய்ப்பு 57/64. ‘மிகாமல்’ எனில் 22/64. ‘குறைவாக’ எனில் 7/64. முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 15/64, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஒரு சொல்லை மயங்கியதற்கு இத்துணைப் பெரிய தண்டம்!

உயரம், எடை போன்ற தொடர் மாறிகளில் இத்தொல்லை இல்லை. 150 சென்டிமீட்டருக்கு மேல் என்றாலும் குறையாமல் என்றாலும் அங்கே நிகழ்தகவு ஒன்றே. இம்மியும் பிசகாமல் 150 என்னும் ஒற்றைப் புள்ளிக்கு உரிய வாய்ப்பு சுழியம். தனிநிலைப் பரவலில் ஒவ்வொரு புள்ளியும் கனமுடையது. ஆதலின் எல்லையில் நிற்கும் எண் உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்லே முடிவு செய்கிறது.

இவ்விடத்தில் தமிழிலக்கணம் கைகொடுக்கிறது. மிகாமல், குறையாமல் என்பன எதிர்மறை வினையெச்சங்கள். மிகு, ஆ, மல் என்று பிரித்தால் நடுவிலுள்ள ஆகாரமே எதிர்மறையைத் தருகிறது. புள்ளியியலில் எதிர்மறைக்கு ஈடானது ஒன்றிலிருந்து கழித்தல். மிகுவது 42 என்றால் மிகாதது 64இலிருந்து 42 போக 22. குறைவது 7 என்றால் குறையாதது 57. சொல்லில் ஆகாரத்தைக் கண்டதும் கணக்கில் கழித்தற்குறியை நினைத்துக்கொள்ளுமாறு மாணாக்கரிடம் கூறுவது நம் வழக்கம். ஐந்து எண்களைக் கூட்டுவதைவிட இரண்டைக் கூட்டிக் கழிப்பது எளிதும் ஆகும்.

‘குறைந்தது இரண்டு’ என்பது இவற்றினும் பொல்லாதது. ‘குறை’ என்னும் ஒலி காதில் விழுந்தவுடன் மாணாக்கர் கை 1, 0 என்று கீழ்நோக்கிச் சென்றுவிடுகிறது. குறைந்த அளவே இரண்டு என்பதுதான் பொருள். எண்ணவேண்டியது இரண்டிலிருந்து மேல்நோக்கி. ‘அதிகபட்சம் இரண்டு’ என்பதும் இவ்வாறே கண்ணைக் கட்டும்.

‘ஒன்றேனும்’ என்பதன் ஆற்றலைக் காட்டப் புள்ளியியலாரிடம் ஒரு பழைய சான்று உண்டு. சோழிகளைப் போல் ஆறு என்று எண்ணிக்கை வரையறுக்காமல், அரிதாக நேரும் நிகழ்ச்சிகளை எண்ணும்போது பாய்சான் பரவல் பயன்படும். அதற்குச் சராசரி ஒன்று தெரிந்தால் போதும். பிரஷ்ய நாட்டுக் குதிரைப்படையில் குதிரை உதைத்து மாண்ட வீரர் கணக்கைப் போர்ட்கீவிச் என்பார் 1898இல் வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். அவற்றுள் மரணம் இல்லாதவை 109, ஒரு மரணம் 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. மொத்த மரணம் 122, சராசரி 0.61. இச்சராசரிக்குப் பாய்சான் சூத்திரம் தரும் ‘ஒன்றுமின்மை’யின் வாய்ப்பு 0.543. ஒன்றிலிருந்து கழித்தால் ‘ஒன்றேனும்’ 0.457, 200 பதிவுகளுக்கு ஏறத்தாழ 91. உண்மையில் நிகழ்ந்தவற்றைக் கூட்டிப் பாருங்கள்: 65, 22, 3, 1 சேர்ந்து 91! ‘ஒன்றேனும்’ என்பதை ‘ஒன்றுக்கு மேல்’ என்று படித்தவன் கையில் கிடைப்பதோ வெறும் 26.

சொல் சரியாக இருந்தும் கணக்கு பிழைபடும் இடம் ஒன்றுண்டு. உண்மையான சோழியின் இரு பக்கமும் ஒரே வடிவின அல்ல. மலர்தலும் கவிழ்தலும் சமம் என்பதற்கு உறுதியில்லை. பலமுறை உருட்டி எண்ணிய பின்னரே மலரும் வாய்ப்பைக் கொள்ளவேண்டும். அது 0.4 என்று வருமாயின், ‘இரண்டுக்குக் குறையாமல்’ என்பது 0.89இலிருந்து 0.77 ஆக இறங்கிவிடும். வினாவில் ‘சீரான’, ‘ஒன்றையொன்று சாராத’ என்று வரும் அடைமொழிகள் அலங்காரத்திற்கு இட்டவை அல்ல. அவை இல்லையேல் ஈருறுப்புச் சூத்திரத்துக்கு அங்கே நுழைவுரிமை இல்லை.

வினா அமைப்போரிடமும் ஒன்று சொல்லவேண்டும். ‘மேற்பட்ட’ என்னும் சொல்லைப் பேச்சுவழக்கில் எல்லையெண்ணைச் சேர்த்தும் சேர்க்காமலும் வழங்குகின்றோம். ‘18 வயது நிரம்பியோர்’ என்று எழுதினால் ஐயமில்லை. ‘18 வயதுக்கு மேற்பட்டோர்’ என்றால் பதினெட்டில் நிற்பவன் எங்கே போவான்? ‘இடையில்’ என்பதும் அத்தகையதே. ‘2 முதல் 4 வரை’ மலர வாய்ப்பு 50/64. ‘2க்கும் 4க்கும் இடையில்’ என்றால் எஞ்சுவது மூன்று மட்டுமே; வாய்ப்பு 20/64. ஒரு மாணாக்கன் ஐம்பது என்கிறான், மற்றொருவன் இருபது என்கிறான். இருவரும் தமிழறிந்தே எழுதியிருக்கின்றனர். இத்தகைய வினா வந்தால், எல்லையெண்களைச் சேர்த்துக்கொண்டோமா விட்டோமா என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குமாறு மாணாக்கர்க்குச் சொல்லிவருகின்றோம்.