முட்டைக்கோசு: வேகட்டும், குழைய வேண்டாம்



பள்ளிக்கரணை, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கமெல்லாம் வயல் குறைந்து வீடு பெருகிவிட்டது. பள்ளிக்கரணை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தும் விட்டது. கொல்லையில் பறித்த காய் போய், இப்போது காய் என்றால் கடைதான், தள்ளுவண்டிதான். அந்த வண்டியில் பெரும்பாலும் தவறாமல் இருப்பது முட்டைக்கோசு. நீலகிரி, ஓசூர் போன்ற இடங்களில் விளைந்து வருகிறது. நாலைந்து நாள் கெடாது. ஒரு காய் வாங்கினால் குடும்பத்துக்கே ஆகும்.

ஆனால் பல வீடுகளில் கோசை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டு, சக்கையைத் தாளிக்கிறார்கள். சத்தில் நல்ல பங்கு சாக்கடைக்குப் போகிறது. இதைத் தடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

கோசில் என்ன இருக்கு?

நூறு கிராம் பச்சைக் கோசில் ஏறக்குறைய 30 முதல் 35 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 80 மில்லிகிராம். ரத்தம் ஊற உதவும் போலிக் அமிலச் சத்தும், மலச்சிக்கலைக் குறைக்கும் நாரும் உண்டு. இரும்புச்சத்து மட்டும் கோசில் மிகக் குறைவு.

அப்படியானால் ரத்தசோகைக்கும் கோசுக்கும் என்ன சம்பந்தம்? கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை நம் உடம்பு எளிதில் ஏற்காது. அதே சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏற்கும். இரும்புக்கு உள்ளே போகக் கதவு திறந்துவிடுவது கோசு.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ரத்தசோகை இருந்தால் குழந்தை எடை குறைந்தோ, மாதம் நிறையும் முன்போ பிறக்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து.

சமைக்கும் முறை

1. மேலே உள்ள வாடிய, பூச்சி அரித்த இலைகளை எடுத்துவிடுங்கள். நல்ல பச்சை இலையை எறிய வேண்டாம்.

2. கோசை நாலாகப் பிளந்து, இலைகளைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு ஊறவைத்தால் சத்து தண்ணீரில் கரைந்து போகும்.

3. சமைப்பதற்குச் சற்று முன் நறுக்குங்கள்.

4. ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, 5 அல்லது 6 நிமிஷம் வேகவிட்டால் போதும். சமையல் சோடா சேர்க்காதீர்கள். அது வைட்டமின் சி-யை அழிக்கும்.

வீடு முழுக்கக் கோசு வாடை தூக்கினால், அளவுக்கு மேல் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்று தொடுகறிகள் (நாலு பேருக்கு)

பொரியல்: அரைக் கிலோ கோசு. இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கோசும் உப்பும் போட்டு மூடுங்கள். இறக்கும்போது தேங்காய்த் துருவல் தூவுங்கள். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் வேகும்போது போன வைட்டமினில் கொஞ்சம் ஈடாகும்.

கூட்டு: 100 கிராம் பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, அதிலேயே கால் கிலோ கோசைப் போடுங்கள். தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்து விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். தண்ணீரில் இறங்கிய சத்தும் கூட்டிலேயே தங்கும்.

கீரையும் கோசும்: ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை முதலில் வதக்கி, பிறகு கோசைச் சேர்த்துப் பொரியலாக இறக்குங்கள். இரும்பும் வைட்டமின் சி-யும் ஒரே தட்டில் சேர்ந்துவிடும்.

நடுத்தண்டை எறியாதீர்கள். பொடியாக நறுக்கிச் சாம்பாரில் போடலாம். வதக்கித் துவையலும் அரைக்கலாம்.

சந்தேகமும் விளக்கமும்

“கோசு வாயு, மாசமா இருக்கிறவங்க தொடக்கூடாது” என்கிறார்களே? சிலருக்கு வயிறு உப்புசம் வருவது உண்மைதான். அவர்கள் அளவைக் குறைத்து, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்துச் சாப்பிடலாம். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் அறவே ஒதுக்க வேண்டியதில்லை.

கோசு தின்றால் மூளையில் புழு வருமா? கோசில் காணும் பச்சைப் புழு வேறு, அந்த நோய் வேறு. மனித மலத்திலிருந்து பரவும் நாடாப்புழு முட்டை எந்தக் காயிலும் ஒட்டலாம். நன்றாகக் கழுவி வேகவைத்தால் பயமில்லை. கழிப்பறையைப் பயன்படுத்துவதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அதைவிட முக்கியம்.

தைராய்டு உள்ளவர்கள்? வேகவைத்த கோசை மற்றவர்களைப் போல அளவோடு சாப்பிடலாம். அயோடின் உப்பையும் மருந்தையும் விடக்கூடாது.

சாப்பிட்டவுடன் டீ குடிக்கலாமா? வேண்டாம். டீ, காபி இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

மாத்திரைக்குப் பதில் கோசு போதுமா? போதவே போதாது. கர்ப்பிணிகள் நாலாம் மாதம் முதல் தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ரத்தப் பரிசோதனையில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்கிறபடி நடங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

ஐயா, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் உங்கள் மனைவி. சோறு மிஞ்சும், குழம்பு மிஞ்சும், பொரியல் மிஞ்சாது. எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் அவர் தட்டில் விழாவிட்டால் என்ன பயன்? இறக்கியவுடன் அவர் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். முடிந்தால் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாமியார் பரிமாறும் வீடானால், “அவளுக்கும் வச்சிருக்கீங்களாம்மா?” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பிரசவத்தில் குறைந்த ரத்தம் ஊற நாளாகும். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி விடுங்கள். அதற்கான வழிமுறைகளைச் சுகாதாரச் செவிலியரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

கோசை அளவாக வேகவையுங்கள். தண்ணீரை வடிக்காதீர்கள். தாயின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.