பழைய டிராக்டருக்குப் பளிச்சென்ற வெளிச்சம்: டைனமோவை மாற்றலாம், தோற்றத்தை மாற்ற வேண்டாம்

"அப்பா வாங்குன வண்டி சார், விக்க மனசு வரலை. ஆனா ராத்திரி சேத்துழவுக்கு இறக்குனா வெளிச்சம் பத்தலை." மன்னார்குடி பக்கம் நெல் வயல் பார்க்கப் போனபோது ஒரு விவசாயி சொன்னது இது. அவருடைய டிராக்டருக்கு வயது நாற்பதுக்கு மேல். இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் வேகம் குறைந்தால் விளக்கு மங்குகிறது. நெல் மூட்டையுடன் டிரெய்லர் இழுக்கும்போது பின்விளக்கு மங்கினால், பின்னால் பைக்கில் வருபவரின் உயிருக்கே ஆபத்து.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்

பழைய டிராக்டர்களில் சார்ஜ் செய்வது டைனமோ. அதில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் சுழலும் பாகத்திலிருந்து கார்பன் பிரஷ் வழியாகவே வெளியே வர வேண்டும். அதிக வேகத்தில் சுற்றினால் தாங்காது. அதனால் பெரிய புல்லி போட்டு மெதுவாகச் சுற்ற விடுகிறார்கள். இன்ஜின் வேகம் குறைந்தால் சார்ஜும் நின்றுவிடும். விளக்குச் சுமை பேட்டரி மேல் விழும்.

ஆல்டர்னேட்டரில் சுற்றாமல் நிற்கும் காயிலில்தான் மின்சாரம் உற்பத்தியாகிறது. பிரஷ் வழியாகச் சிறிதளவு மின்சாரமே போகும். சிறிய புல்லியில் வேகமாகச் சுற்றலாம்; மெதுவாக உழும்போதும் சார்ஜ் கிடைக்கும்.

முதலில் சோதனை

செலவு செய்யும் முன் பெல்ட் தொய்வு, பிரஷ் தேய்மானம், எர்த் வயர் துரு ஆகியவற்றைப் பாருங்கள். இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டியும் விளக்கு மங்கலாக இருந்தால், கோளாறு வயரிங்கில்தான் இருக்கும்.

எத்தனை ஆம்பியர்?

ஹெட்லைட் இரண்டுக்கு 110 வாட், பின்பக்க உழவு விளக்குக்கு 35, சிறு பல்புகளுக்கு 15 என்றால் மொத்தம் 160 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இதற்குச் சுமார் 13 ஆம்பியர் போதும். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரே தாராளம். இதைவிடப் பெரியது போட்டால் பழைய வயரும் அம்மீட்டரும் சூடாகிக் கருகலாம்.

பழைய தோற்றம் மாறாமல்

சிறிய ஆல்டர்னேட்டரைப் பழைய பிராக்கெட்டிலேயே பொருத்தி, டைனமோவின் நிறத்தையே பூசலாம். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருப்பதால் பழைய கட்-அவுட் பெட்டிக்கு வேலையில்லை. அதன் உள் இணைப்பை நீக்கி, வயர் சேரும் பெட்டியாக அதே இடத்தில் விட்டுவிடலாம். டைனமோ போன்ற உருளைக் கூட்டுக்குள் அடங்கிய ஆல்டர்னேட்டர்களும் உண்டு. பழைய கார் சேகரிப்பவர்களுக்காக வந்தவை, விலை கூடுதல்.

இவற்றில் கவனம்

* சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கும். இதைப் பார்க்காமல் இணைத்தால் டயோடு கருகிவிடும். அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.
* சில மாடல்களில் மணி மீட்டர் டைனமோவின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. மாற்று வழி செய்யாவிட்டால் மீட்டர் நின்றுவிடும். ஆயில் மாற்றும் கணக்கும் தவறும்.
* சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்தப் பல்பு போனால் சார்ஜும் தொடங்காது.
* இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களுக்கு ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுபோனால், இந்தச் சோதனையைச் சில நிமிடங்களில் செய்து காட்டலாம்.

மன்னார்குடி விவசாயி எர்த் வயரைப் புதிதாகப் போட்டார். ஓரளவு தெளிந்தது, ஆனால் மெதுவாக உழும்போது மறுபடியும் மங்கியது. அதன் பிறகே ஆல்டர்னேட்டருக்கு மாறினார். கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக் கடைக்குப் போடவில்லை. துடைத்துச் சாக்கில் சுற்றி, போல்ட்டுகளோடு கொட்டகையில் வைத்திருக்கிறார். "அப்பா வண்டிதான், ஆனா இப்ப ராத்திரியில வரப்பு தெரியுது" என்கிறார்.