கம்ப்யூட்டரே இல்ல... கார்ட்டூனுக்குள்ள சிறுமி நடந்தது எப்படி? டிஸ்னியை வாழவைத்த ‘ஆலிஸ்’ படங்களின் கதை

நடிகரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்து, பின்னால் டைனோசரையோ டிராகனையோ சேர்ப்பது இன்றைக்குச் சாதாரண விஷயம். ஆனா, கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1923-லேயே ஒரு 4 வயதுச் சிறுமி கார்ட்டூன் விலங்குகளுக்கு நடுவே நடனமாடினாள். அந்தப் படத்தை எடுத்தவர், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த 21 வயது இளைஞர். பெயர் வால்ட் டிஸ்னி.

டிஸ்னி என்றாலே நமக்கு மிக்கி மவுஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் மிக்கி வருவதற்கு முன்பு டிஸ்னி நிறுவனத்துக்குச் சோறு போட்டது இந்த ‘ஆலிஸ்’ குறும்படங்கள்தான். மௌனப்பட காலத்தில் நிஜ மனிதர்களையும் கார்ட்டூனையும் எப்படி ஒரே திரையில் சேர்த்தாங்க? வாங்க பார்க்கலாம்.

முதல்ல ஆரம்பிச்சது யார்?

இந்த யோசனை டிஸ்னியுடையது அல்ல. 1900-ல் எடிசன் நிறுவனத்துக்காக ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் நடித்த ‘தி என்சான்டட் டிராயிங்’ படத்திலேயே இதற்கான விதை இருக்கிறது. பலகையில் ஒரு மதுபாட்டிலை வரைவார். கையை நீட்டினால் அது நிஜ பாட்டிலாகக் கைக்கு வந்துவிடும். ரகசியம் ரொம்ப சிம்பிள். கேமராவை நிறுத்தி, படத்தை அழித்து, பாட்டிலைக் கையில் கொடுத்து, மறுபடி ஓட்டினார்கள்.

1914-ல் வின்சர் மெக்கே ஒரு படி மேலே போனார். ‘கெர்ட்டி’ என்ற டைனோசர் கார்ட்டூனைத் திரையில் ஓடவிட்டு, அவர் மேடையில் நின்று சாட்டையோடு கட்டளையிடுவார். கெர்ட்டியும் கேட்டு நடக்கும். ஆப்பிளைத் திரையை நோக்கி வீசுவதுபோல் கையில் மறைத்துக்கொள்வார். அதே நொடியில் கார்ட்டூன் ஆப்பிள் கெர்ட்டியின் வாய்க்குப் போகும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் போய் மறைய, கார்ட்டூன் மெக்கே திரையில் தோன்றி டைனோசர் மேல் ஏறிப் போய்விடுவார்.

மைப்புட்டியிலிருந்து குதித்த கோமாளி

அடுத்து வந்தவர்கள் நியூயார்க்கின் மேக்ஸ் ஃபிளெய்ஷரும் அவரது தம்பி டேவும். டேவுக்குக் கோமாளி உடை மாட்டிப் படம் எடுத்தார்கள். அந்த ஃபிலிமை ஒவ்வொரு பிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து, அதன்மேல் தாள் வைத்து வரைந்தார்கள். இதுதான் ரோட்டோஸ்கோப். 1917-ல் மேக்ஸுக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது.

இப்படிப் பிறந்த கோமாளிதான் பின்னாளில் கோகோ என்று பெயர் பெற்றது. ‘அவுட் ஆஃப் தி இங்க்வெல்’ தொடரில் அது மைப்புட்டியிலிருந்து வெளியே வரும். மேக்ஸின் மேஜை மேல் ஓடும், அவரோடு வம்பு பண்ணும், கடைசியில் புட்டிக்கே திரும்பும். நிஜ மேஜையின் புகைப்படம் அடியில், கோமாளியை வரைந்த கண்ணாடி போன்ற தாள் மேலே. இரண்டையும் சேர்த்துப் படம்பிடித்தால், நிஜ மேஜையில் கோமாளி நடப்பது மாதிரியே தெரியும்.

திவாலான கம்பெனி... கையில் ஒரே ஒரு படம்

அப்போது கன்சாஸ் சிட்டியில் ‘லாஃப்-ஓ-கிராம்’ என்ற சின்ன ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்த டிஸ்னிக்குத் தோன்றியது இதுதான்: எல்லாரும் கார்ட்டூனை நிஜ உலகத்துக்குக் கொண்டுவர்றாங்க. நாம ஏன் ஒரு நிஜக் குழந்தையைக் கார்ட்டூன் உலகத்துக்குள்ள அனுப்பக் கூடாது?

அப்படி உருவானதுதான் ‘ஆலிஸஸ் வொண்டர்லேண்ட்’. கார்ட்டூன் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்க வரும் ஆலிஸ், அன்றிரவு கனவில் ரயிலேறிக் கார்ட்டூன் நாட்டுக்குப் போகிறாள். விலங்குகள் ஊர்வலமாக வரவேற்கின்றன, சிங்கங்கள் துரத்துகின்றன. ஆலிஸாக நடித்தவர் வர்ஜீனியா டேவிஸ்.

ஆனால் படம் தியேட்டருக்குப் போகவில்லை. கம்பெனி திவாலானது. 1923 ஜூலையில், பையில் 40 டாலரோடு டிஸ்னி ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அண்ணன் ராய் அங்கே காசநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

கைகொடுத்தவர் நியூயார்க் விநியோகஸ்தர் மார்கரெட் விங்க்ளர். ஆண்கள் ஆதிக்கம் செலுத்திய அந்தத் தொழிலில் ‘ஃபெலிக்ஸ் தி கேட்’, ‘அவுட் ஆஃப் தி இங்க்வெல்’ இரண்டையும் விற்றுக்கொண்டிருந்த பெண் அவர். மாதிரிப் படத்தைப் பார்த்ததும் முதல் 6 படங்களுக்கு, படத்துக்கு 1,500 டாலர் என ஒப்பந்தம் போட்டார். ஒரே கண்டிஷன், அதே சிறுமிதான் நடிக்க வேண்டும். வர்ஜீனியாவின் குடும்பமே ஊரைக் காலி செய்துகொண்டு ஹாலிவுட் வந்தது.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தான 1923 அக்டோபர் 16-ஐத்தான் டிஸ்னி நிறுவனம் இன்றுவரை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

சரி, எப்படி எடுத்தாங்க?

ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதற்கு முன்னால் வர்ஜீனியாவை நடிக்கவைத்தார்கள். எதிரில் பூனையும் இல்லை, சிங்கமும் இல்லை. மௌனப்படம் என்பதால் குரல் பதிவாகாது. அதனால் கேமரா ஓடும்போதே, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று டிஸ்னி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். ஆரம்பப் படங்களில் கேமராவை இயக்கியவர் அண்ணன் ராய்.

பிறகு, சிறுமியின் அசைவைப் பார்த்து, அதற்கு ஏற்ப வெள்ளைத் தாளில் கார்ட்டூனை வரைந்து தனியாகப் படம்பிடித்தார்கள். கடைசியில் இரண்டையும் ஒரே ஃபிலிமில் பிரின்ட் போட்டார்கள்.

இது புரியணும்னா ரெண்டு கண்ணாடித் தாள்களை நினைச்சுக்கோங்க. ஒன்றின் இடது ஓரத்தில் சிறுமி, மற்றொன்றின் வலது ஓரத்தில் பூனை. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இருவரும் ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஃபிலிமில் வெள்ளைப் பகுதி ஒளி ஊடுருவும் என்பதால் இது சாத்தியமானது.

ஆனா ஒரு சிக்கல். சிறுமிக்கு மேலேயே பூனையின் கோடு வந்தால், பேய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று தெரியும். அதனால் ஒருவர் மேல் ஒருவர் படாமல் காட்சிகளைத் திட்டமிட வேண்டியிருந்தது. ஆலிஸைச் சுற்றிப் பல காட்சிகளில் வெறும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் நின்னுபோச்சு?

இந்த முறையில் ஒரு லாபமும் இருந்தது. விநாடிக்கு 16 பிரேம் என்று வைத்தாலே, ஒரு நிமிடத்துக்கு 960 பிரேம் நிரப்ப வேண்டும். நிஜக் காட்சிகள் வரும் நேரத்துக்குப் படம் வரைய வேண்டியதில்லை.

ஆனால் ரசிகர்கள் சிரித்தது கார்ட்டூன் காமெடிக்குத்தான். விநியோகத் தரப்பும் அதையே அதிகம் கேட்டது. ஆலிஸின் பங்கு படிப்படியாகக் குறைந்து, ஜூலியஸ் என்ற பூனை கிட்டத்தட்ட ஹீரோ ஆனது. வர்ஜீனியாவுக்குப் பிறகு வேறு சிறுமிகளும் ஆலிஸாக நடித்தார்கள். 50-க்கும் மேற்பட்ட படங்களுக்குப் பிறகு 1927-ல் தொடர் முடிந்தது.

அடுத்து டிஸ்னி உருவாக்கிய ‘ஆஸ்வால்ட்’ முயல் ஹிட் ஆனது. ஆனால் உரிமை அவரிடம் இல்லை. 1928-ல் அதை இழந்த பிறகு, உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் கொண்டுவந்தவர்தான் மிக்கி மவுஸ்.

இன்னைக்கும் ஏன் முக்கியம்?

1988-ல் வந்த ‘ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்’, அடுத்த ஆண்டு ரஜினி கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடிய ‘ராஜா சின்ன ரோஜா’ எல்லாம் இதே யோசனையின் தொடர்ச்சிதான். வெள்ளைத் துணி இன்று பச்சைத் துணி ஆகியிருக்கிறது. இல்லாத ஒன்றைப் பார்த்து நடிக்க வேண்டிய வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மௌனப்பட காலத்துப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ‘ஆலிஸ்’ படங்களிலும் சில கிடைக்கவில்லை. ஆனால் ‘ஆலிஸஸ் வொண்டர்லேண்ட்’ தப்பிப் பிழைத்திருக்கிறது. அமெரிக்காவில் அதன் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டதால் இணையத்தில் எளிதாகப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனிங்க. கனவுக்கு முன்னால் ஸ்டூடியோவில் ஆலிஸுக்குப் படங்களைக் காட்டும் அந்த ஒல்லியான இளைஞர்தான் வால்ட் டிஸ்னி. அவருடைய கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த காட்சி அது.