ஒலியடக்கிக்கு உறை தெரிதல்

கோடை நண்பகலில் நெடுஞ்சாலையின்மீது கானல் அலைவதை யாவரும் கண்டிருப்பர். அத்தகைய கானல் துப்பாக்கியின் முனையிலும் எழுந்து, குறிபார்ப்பவன் கண்ணை மயக்குவதுண்டு. அதனைத் தடுக்கும் உறையைப்பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

ரைபிளின் வாயிற் பொருத்தப்பெறும் ஒலியடக்கிக்கு 1909-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றவர், அமெரிக்கராகிய ஹைராம் பெர்சி மாக்சிம் என்பார். இயந்திரத் துப்பாக்கியை இயற்றிய ஹைராம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மைந்தர் இவரே. குண்டின் பின்னே சீறிவரும் வெடிவாயு, ஒலியடக்கியின் உள்ளமைந்த தடுப்புத் தகடுகளில் மோதி விரிந்து, வேகந் தணிந்து வெளியேறுதலின் ஓசை குறைகின்றது. ஆயின், வாயுவின் வெப்பத்தில் ஒரு பங்கு குழலைச் சேர்கின்றது. இடைவிடாது பன்முறை சுடின், குழல் சில நூறு டிகிரி சென்டிகிரேட் வரை சூடேறும். 70 டிகிரிச் சூடுடைய உலோகமே நொடிப்பொழுதிற் கையைச் சுட்டுவிடும் என்பதை நினைவிற் கொள்க.

இதனால் விளையுந் தீமை இரண்டு. ஒன்று, குழலை அறியாது தொடுவோர்க்கு நேரும் புண். மற்றொன்று, முற்கூறிய கானல். குழலினின்று எழும் சூடான காற்று தொலைநோக்கியின் முன்னே அலைய, ஒளிக்கதிர்கள் வளைந்து, இலக்கு நடுங்குவது போலத் தோன்றும். பந்தயக்காரனுக்கு இதனால் மதிப்பெண் குறையும். ஸ்காட்லாந்து மலையில் மான் வேட்டையாடுவோன் குறி பிழைப்பின், விலங்கு உடனே உயிர் விடாது புண்பட்டு வருந்தும்.

உறையைத் தெரிவோர், தாம் எவ்வளவு விரைவாகச் சுடுவர் என்பதை முதலில் எண்ணுதல் வேண்டும். நைலான் 260 டிகிரியளவில் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் ஓரிரு முறை சுடுவோர்க்கன்றிப் பிறர்க்கு ஆகாது. நோமெக்ஸும், ஸ்டெபானி க்வோலெக் என்னும் அம்மையார் 1965-இற் கண்ட கெவ்லாரும் உருகுவதில்லை. எனினும் மிகுந்த சூட்டிற் கருகி வலியிழக்கும். விரைந்து பல சுடுவோர், குழலைத் தொடும் உட்புறத்திற் சிலிக்கா நூலாலோ எரிமலைக்கல் நூலாலோ நெய்த துணி வைத்த உறையைக் கொள்க. உறை இறுகக் கட்டப்படுதலும் இன்றியமையாதது. முன்னே நழுவிக் குழல்வாயை மறைப்பின், குண்டு அதனைத் துளைத்து நெறி பிறழக்கூடும்.

இவ்விடத்துப் பலர் மயங்குவர். உறை குழலைக் குளிர்விப்பதன்று. வெப்பம் வெளியேறாது தடுப்பது. உறையிட்ட குழல் வெறுங்குழலினும் நெடுநேரம் சூடாக இருக்கும். மேலே தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டதெனக் கருதி உறையைக் கழற்றுவோன் கை வெந்துபோம். ஆதலின், சுட்டு முடித்தபின் போதிய நேரம் பொறுத்துக் கழற்றுக. கழற்றாது விடினும் தீங்குண்டு; உறையினுள் தங்கிய ஈரம் எஃகுக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும்.

போர்வைக்குள் இருக்கும் அனல் தணிந்த அனலன்று. இதனை உணர்ந்து கையாள்வார்க்கே உறை காவலாம். உணராதார்க்கு அதுவே இடராய் முடியும்.