இலவச வரைபடமும் சொந்தத் தரவும்: கலக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வரைபடத் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஏற்கெனவே விசாரித்திருக்கிறது. ஸ்ட்ரீட்டைரக்டரி இணையத்தளத்தை நடத்திய வெர்ச்சுவல் மேப் நிறுவனம், சிங்கப்பூர் நில ஆணையத்திடம் உரிமம் பெற்று அதன் தரவைப் பயன்படுத்தி வந்தது. 2004இல் அந்த உரிமம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு வெளியிட்ட வரைபடம் தாங்களே புதிதாக உருவாக்கியது என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2008இல் உயர் நீதிமன்றத்திலும் நிறுவனம் தோற்றது. 2010இல் ஆணையமே ஒன்மேப் வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விலை போய்விட்டது, ஆனால் எந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு போகவில்லை. இலவசத் தரவு பெருகப் பெருக அந்தப் பொறுப்பு கூடுகிறது என்பதே என் வாதம்.

தேக்கா வட்டாரத்து உணவகங்களுக்காக ஒரு விநியோகச் செயலி உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையும் ரேஸ் கோர்ஸ் சாலையும் தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகின்றன. உணவகப் பட்டியல் நிறுவனம் காசு செலவழித்துத் திரட்டியது. 2012 முதல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பின்பற்றும் திறந்த தரவுத்தள உரிமம் இதற்குத் தடை சொல்லவில்லை. சாலைகள் ஓரிடத்திலிருந்தும் உணவகங்கள் முழுக்க வேறோரிடத்திலிருந்தும் வந்து தனித்தனி அடுக்குகளாக நின்றால், பங்களிப்பாளர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பட்டியல் நிறுவனத்திடமே இருக்கும். சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. தன் பட்டியலில் விடுபட்ட டன்லப் ஸ்திரீட் கடைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்து அதே பட்டியலில் சேர்த்துச் செயலியை வெளியிட்டால், அது வழித்தோன்றல் தரவுத்தளமாகிவிடும். அதை அதே உரிமத்தில் மற்றவர்களுக்கும் தர வேண்டிய கடமை பிறக்கும். நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் அந்தக் கடமை இல்லை. எதிர்ப்பக்கத்திலும் வேலி உண்டு: கூகல் மேப்ஸில் முகவரியைத் தேடி எடுத்த ஆயத்தொலைவுகளை நிரந்தரமாகச் சேமித்து வேறொரு வரைபடத்தின்மேல் வைக்க அதன் விதிமுறைகள் இடம்தருவதில்லை. அன்றாட வேலையில் பலர் சறுக்கும் இடம் இது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 முதல் இருக்கும் தனித் தரவுத்தள உரிமை சிங்கப்பூரில் கிடையாது. குளோபல் யெல்லோ பேஜஸ் வழக்கில் 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவல்களைத் திரட்டிய உழைப்புக்காக மட்டும் பதிப்புரிமை கிடைக்காது, தேர்விலும் வரிசைப்படுத்தலிலும் படைப்புத்திறன் வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அப்படியானால் ஒரு கடையின் பெயரையும் இருப்பிடத்தையும் எடுப்பதில் என்ன தவறு? சட்டக் கேள்வியாக இது நியாயமானதே. ஆனால் திறந்த தரவுத்தள உரிமம் பதிப்புரிமையை மட்டும் நம்பி எழுதப்படவில்லை. ஒப்பந்தமாகவும் அது கட்டுப்படுத்த முனைகிறது. இங்கு தொடங்கும் செயலி நாளை ஐரோப்பாவுக்குச் சென்றால் அங்குள்ள உரிமையும் குறுக்கே வரும். சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. கூலியின்றித் தெருத்தெருவாக வரைந்தவர்கள் கேட்பது இரண்டுதான்: எங்கள் பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் தந்ததைக் கொண்டு மேம்படுத்தியதைத் திருப்பித் தாருங்கள். சட்டத்தின் ஓட்டையைக் காட்டி அதை மறுப்பது முறையல்ல.

பகிர்வுக் கடமை வணிகத்தை விரட்டிவிடும் என்பாரும் உண்டு. 2022இல் தொடங்கிய ஓவர்ச்சர் மேப்ஸ் அறக்கட்டளை, இடங்களின் தரவுக்குத் தளர்வான உரிமத்தைத் தேர்ந்தெடுத்ததை அவர்கள் சான்றாகக் காட்டலாம். ஆனால் அதே அமைப்பு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கலந்த சாலைத் தரவுக்குப் பழைய உரிமத்தையே வைத்திருக்கிறது. இரண்டு அடுக்குகளுக்கு இரண்டு உரிமங்கள். பெரிய நிறுவனங்கள் கூடியும் பிரித்துவைப்பதே வழி என்று கண்டிருக்கின்றன.

சிறு நிறுவனத்துக்கு இதற்குப் பெரும் சட்டச் செலவு தேவையில்லை. ஒவ்வொரு பதிவோடும் அது எங்கிருந்து, எந்த நாளில், எந்த உரிமத்தில் வந்தது என்று முதல் நாளிலேயே எழுதிவையுங்கள். கலந்த பிறகு பிரிக்க முயல்வது பல மடங்கு செலவு.